நிதியுதவி யாருக்கு என்பதைச் சமூகமே முடிவு செய்ய: செயற்பாட்டாளர் குழுவை அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பால்புதுமையினர் (பாலினத்திலும் பாலீர்ப்பிலும் சிறுபான்மையாக இருக்கும் எல்ஜிபிடி மக்கள்) உரிமைகளுக்கு நிதி வழங்கும் ஓர் அமைப்பு, எந்த விண்ணப்பத்துக்குப் பணம் தருவது என்ற முடிவை அந்தச் சமூகத்தின் செயற்பாட்டாளர்களிடமே ஒப்படைக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் செயற்பாட்டாளர்களை எப்படித் தேடுவது, எப்படித் தேர்ந்தெடுப்பது, வந்தவர்களை எப்படித் தக்கவைப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. இந்த வேலையைப் பல சுற்றுகள் செய்திருக்கிறேன். புதிதாக இறங்குபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்றும் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதல் நாளே அழைப்பு அறிவிப்பை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் அழைப்பு ஐந்தாவது படியாகத்தான் வருகிறது. முதல் நான்கையும் முடிக்காமல் அழைத்தால், வருபவர்கள் கேட்கும் எளிய கேள்விகளுக்கே உங்களிடம் பதில் இருக்காது. “எங்கள் முடிவை மேலே யாராவது மாற்றுவார்களா?” “என் பெயர் வெளியே வருமா?” “நான் வேலை செய்யும் அமைப்பு விண்ணப்பிக்கலாமா?” இந்த மூன்றுக்கும் “பார்த்துச் சொல்கிறோம்” என்று சொன்னால், நீங்கள் யாரைத் தேடினீர்களோ அவர்கள்தான் முதலில் விலகுவார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முழு வேலைக்கும் நான்கு முதல் ஐந்து மாதம் ஒதுக்குங்கள். அதற்குக் குறைவாக இருந்தால் அவசரத்தில் உங்களுக்கு ஏற்கனவே தெரிந்தவர்களையே எடுப்பீர்கள். நிர்வாகக் குழு எழுத்தில் கொடுத்த ஒப்புதல், இந்த வேலைக்கென்றே ஒதுக்கிய பணம், சுற்று முடியும்வரை பொறுப்பில் இருக்கும் ஒரு பணியாளர், வேலை நடக்கும் நாடுகளின் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞர் ஆகிய நான்கும் வேண்டும். பொறுப்பாளர் சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. இல்லையென்றால், சமூகத்திலிருந்து ஒருவரை ஊதியத்துடன் ஆலோசகராக முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. எவ்வளவு அதிகாரம் கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். அதில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும்: குழு பரிந்துரை மட்டும் செய்கிறதா, முடிவே எடுக்கிறதா? மொத்தம் எவ்வளவு பணம் குழுவின் கையில் இருக்கிறது? கேட்ட தொகையைக் குறைக்கவோ கூட்டவோ குழுவால் முடியுமா? எந்த விஷயங்களுக்குப் பணம் தருவது என்ற விதிகளையும் அவர்கள் மாற்றலாமா? குழு “ஆம்” என்று சொன்னதை நிர்வாகம் எந்தக் காரணங்களுக்காக நிறுத்தலாம்?

கடைசிக் கேள்வியில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். சட்டப்படி பணம் அனுப்ப முடியாத நிலை, நிதி மோசடிக்கான ஆதாரம் என்று இரண்டு மூன்று காரணங்களை மட்டும் பட்டியலிட்டு, மற்ற எதற்காகவும் நிறுத்த முடியாது என்று எழுதுங்கள். நான் அருகிலிருந்து பார்த்த ஒரு சுற்றில், குழு இரண்டு நாள் உட்கார்ந்து எடுத்த முடிவில் இரண்டு அமைப்புகளின் பெயரை நிர்வாகம் பிறகு மாற்றியது. காரணம் கேட்டதற்கு “ஒட்டுமொத்தச் சமநிலை” என்றார்கள். அடுத்த சுற்றுக்கு அந்தக் குழுவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. அவர்கள் வராமல் இருந்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

முன்மாதிரிகளைப் பார்த்து உங்களுக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்யுங்கள். நைரோபியிலிருந்து இயங்கும் உஹாய் ஈஷ்ரி நிதியத்தில், கிழக்கு ஆப்பிரிக்காவின் செயற்பாட்டாளர்களே அடங்கிய ஒரு குழு விண்ணப்பங்களைப் பார்த்து முடிவெடுக்கிறது. 2016இல் தொடங்கிய சர்வதேச டிரான்ஸ் நிதியத்தில் அந்த வேலையை டிரான்ஸ் செயற்பாட்டாளர் குழு செய்கிறது. இளம் பெண்ணியவாதிகளுக்கான ஃப்ரீடா நிதியம் வேறொரு வழியில் போனது: விண்ணப்பித்த குழுக்களே தங்கள் பகுதியின் மற்ற விண்ணப்பங்களைப் படித்து வாக்களிப்பார்கள். கடைசி வழியில் குழு தேடும் வேலையே குறைவு, ஆனால் விண்ணப்பிக்கும் சிறு குழுக்களின் மேல் படிக்கும் சுமை ஏறுகிறது. பணியாளர் குறைவான அமைப்பு முதல்முறை செய்கிறது என்றால், சிறிய நிலையான குழுவே போதும் என்பது என் கருத்து.

பரிந்துரை மட்டுமே என்றால் அதையும் வெட்கப்படாமல் அப்படியே சொல்லுங்கள். ஆலோசனைக் குழுவை “முடிவெடுக்கும் குழு” என்று அழைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

2. நேரத்தையும் பணத்தையும் கணக்குப் போடுங்கள்

குழுவில் ஒருவருக்கு 40 விண்ணப்பங்கள் வருகின்றன என்று வையுங்கள். ஒன்றைக் கவனமாகப் படித்து மதிப்பெண் போட 45 நிமிடம். அதுவே 30 மணி நேரம். பயிற்சிக்கு 6 மணி, இரண்டு நாள் கூட்டத்துக்கு 16 மணி. மொத்தம் 52 மணி நேரம். ஒரு வாரத்துக்கும் மேலான முழுநேர வேலை இது. “கொஞ்ச நேரம்தான் ஆகும்” என்று அழைப்பில் எழுதாதீர்கள். இந்தக் கணக்கையே எழுதுங்கள்.

அந்த மணிநேரத்துக்கு மதிப்பூதியம் கொடுங்கள். அதே வேலைக்கு வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அழைத்தால் என்ன கொடுப்பீர்களோ, அதை அளவுகோலாக வையுங்கள். சும்மா வரச் சொன்னால் மாதச் சம்பளம் வாங்கும் அமைப்புத் தலைவர்களால் மட்டுமே வர முடியும். நாள் கூலிக்குப் போகிறவரும் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட இளைஞரும் வர மாட்டார்கள்.

பணத்தைக் கொடுக்கும் முறையில் நிறையக் கோளாறு நடக்கும். வங்கிக் கணக்கில் பழைய பெயர் இருக்கும், ஆள் வேறு பெயரில் வாழ்வார். வங்கிக் குறிப்பில் அமைப்பின் பெயர் வந்தால் வீட்டில் கேள்வி எழும். அகதியாக விண்ணப்பித்துக் காத்திருப்பவருக்கு ஊதியம் வாங்க அனுமதி இருக்காது. அரசு உதவித்தொகை வாங்குபவருக்கு இந்தப் பணத்தால் அது நின்றுபோகலாம். ஆகவே “எப்படிப் பணம் வந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு?” என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு பகுதியை வேலை தொடங்கும் முன்பே கொடுங்கள். இணையக் கட்டணத்தைக்கூடக் கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் படிக்க உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மதிப்பூதியத்துக்கு மேல் தனியாக ஒதுக்க வேண்டியவை: சைகை மொழி உட்பட மொழிபெயர்ப்பு, குழந்தைப் பராமரிப்பு, மாற்றுத்திறனாளிகளுடன் வரும் உதவியாளரின் செலவு, இணையக் கட்டணம், மனநல ஆலோசனை. முதல் வரவுசெலவிலேயே இவை இல்லையென்றால், ஆள் தேர்வான பிறகு “பணமில்லை” என்று சொல்ல வேண்டிவரும்.

3. பாதுகாப்பை முன்கூட்டியே தீர்மானியுங்கள்

உலகில் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பாலினத்தவருக்கு இடையிலான உறவு இன்னும் குற்றம். சில இடங்களில் நிதி தொடர்பான வேலையே ஆபத்தாகியிருக்கிறது. உகாண்டாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம், ஓரினச் சேர்க்கையை “ஊக்குவிப்பது” என்ற குற்றத்துக்குள் பண உதவியையும் கொண்டுவந்து 20 ஆண்டுவரை சிறை என்கிறது. அதே ஆண்டு நவம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் “சர்வதேச எல்ஜிபிடி இயக்கம்” என்ற ஒன்றைத் தீவிரவாத அமைப்பாக அறிவித்தது. இப்படிப்பட்ட இடத்தில் வாழும் ஒருவருடைய பெயரை, நிதி முடிவு செய்யும் குழுவின் பட்டியலில் அலட்சியமாகப் போடுவது அவரைச் சிறைக்கு அனுப்பக்கூடும்.

விண்ணப்பப் படிவம் தயாராகும் முன் செய்ய வேண்டியவை இவை.

முதலாவது, குறைவாகக் கேளுங்கள். முதல் கட்டத்தில் முகவரி, அடையாள எண், புகைப்படம் எதுவும் வேண்டாம். உங்களிடம் இல்லாத தகவலை யாராலும் திருட முடியாது, எந்த நீதிமன்றமும் கேட்டு வாங்க முடியாது.

இரண்டாவது, பெயரை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: ஆவணத்தில் உள்ள பெயர், அழைக்க வேண்டிய பெயர், வெளியே எழுதலாம் என்ற பெயர். முதல் பெயர் பணமும் பயணமும் பார்க்கும் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். எப்படி விளிக்க வேண்டும் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் குரலை வைத்து அக்கா, அண்ணா என்று முடிவு செய்யும் பழக்கம் நல்ல மனதுள்ள பணியாளர்களிடமும் இருக்கிறது.

மூன்றாவது, செய்தி எங்கே போய்ச் சேரும் என்று யோசியுங்கள். மின்னஞ்சலின் தலைப்பு வரி, நாள்காட்டி அழைப்பு, கைபேசித் திரையில் மின்னும் ஒரு வரி. வீட்டில் மற்றவர்களும் பயன்படுத்தும் கைபேசியாக இருக்கலாம். தலைப்பு வரியில் “வாசிப்புக் குழுக் கூட்டம்” என்று போட்டால் போதும். முக்கியமானவற்றுக்கு சிக்னல் போன்ற மறையாக்கச் செயலியைப் பயன்படுத்துங்கள்.

நான்காவது, அழிக்கும் தேதி. தேர்வாகாதவர்களின் தகவலை எப்போது அழிப்பீர்கள் என்று அழைப்பிலேயே தேதியோடு சொல்லுங்கள். அந்த நாளில் அழித்துவிட்டு, அழித்ததையும் தெரிவியுங்கள்.

நேரில் கூடுவதாக இருந்தால் இடத்தைத் தேர்வான பிறகு முடிவு செய்யுங்கள். கடவுச்சீட்டில் உள்ள பாலினக் குறியும் ஆளின் தோற்றமும் ஒத்துப்போகாதவருக்கு எல்லா விமான நிலையமும் ஒன்றல்ல. ஒருவருக்கு மட்டும் விசா கிடைக்கவில்லை, அவர் திரையில் வரட்டும் என்று விட்டால், அவருடைய குரல் அந்த அறையில் பாதிதான் கேட்கும். இணையக் கூட்டம் என்றால் எல்லோரும் இணையத்தில், நேர்க் கூட்டம் என்றால் எல்லோரும் நேரில்.

4. யார் இல்லை என்று பாருங்கள்

முந்தைய சுற்றுகளில் யாருக்குப் பணம் போனது, யார் விண்ணப்பிக்கவே இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். இதற்குமுன் முடிவெடுத்தவர்கள் யார் என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பட்டியலிலும் ஒரே வகை ஆட்கள் விடுபட்டிருப்பார்கள். நான் போட்டுப் பார்த்த பட்டியல்களில் பெரும்பாலும் லெஸ்பியன் பெண்கள், இருபாலீர்ப்புள்ளவர்கள், திருநம்பிகள், ஊடுபால் மக்கள் (ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத உடற்கூறுகளோடு பிறந்தவர்கள்) விடுபட்டிருந்தார்கள். அதோடு தலைநகருக்கு வெளியே இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், பாலியல் தொழிலாளர்கள், அகதிகள், வயதானவர்கள்.

இங்கே ஒரு தவறான தீர்வு உடனே தோன்றும்: எல்ஜிபிடி என்ற சுருக்கத்தில் ஒவ்வோர் எழுத்தும் குறிக்கும் பிரிவுக்கு ஓர் ஆள். அப்படிச் செய்தால் அந்த ஒருவர் தன் மொத்தச் சமூகத்தையும் தோளில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் சொல்வதை மற்றவர்கள் ஒன்று அப்படியே ஏற்பார்கள், அல்லது மரியாதையாகக் கேட்டுவிட்டுக் கடந்துபோவார்கள். எந்தப் பிரிவு இதுவரை ஓரமாக இருந்ததோ, அதிலிருந்து குறைந்தது இருவரை எடுங்கள். இருவர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடலாம். அந்த வேறுபாடுதான் முடிவை நல்லதாக்குகிறது.

ஊடுபால் மக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களை டிரான்ஸ் பிரிவுக்குள் சேர்த்து எண்ணிவிட்டு “இருக்கிறார்கள்” என்று குறித்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. அவர்களின் மையக் கோரிக்கையே வேறு: பிறந்த குழந்தையின் உடலை, அதன் சம்மதம் இல்லாமல், மருத்துவத் தேவையும் இல்லாமல், ஆண் அல்லது பெண் உடலாக மாற்றும் அறுவை சிகிச்சையை நிறுத்துவது. மால்டா 2015இல் அதைச் சட்டத்தால் தடை செய்த முதல் நாடானது. ஒரு விண்ணப்பம் “ஊடுபால் உரிமை” என்று தலைப்புப் போட்டுவிட்டு உள்ளே அதைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் இருந்தால், அதை உடனே கண்டுபிடிக்க அந்த அனுபவம் உள்ளவர் அறையில் வேண்டும்.

குழுவின் அளவு ஏழு முதல் பதினொன்று வரை. ஏழுக்குக் கீழே போனால் விண்ணப்பித்தவர்களோடு உள்ள உறவு காரணமாக (எட்டாவது படியைப் பாருங்கள்) இரண்டு பேர் வெளியே போனதும் அறை காலியாகிவிடும். பதினொன்றைத் தாண்டினால் அமைதியான சுபாவம் உள்ளவர்கள் பேசவே மாட்டார்கள். பதவிக் காலம் இரண்டு ஆண்டு, ஆண்டுக்குப் பாதிப் பேர் மாறும்படி வைத்தால் அனுபவம் தொடர்ந்து இருக்கும்.

5. இப்போது அழைப்பை எழுதுங்கள்

முதல் நான்கு படிகளும் முடிந்திருந்தால் இது அரை நாள் வேலை. என்ன அதிகாரம், எத்தனை மணி நேரம், எவ்வளவு மதிப்பூதியம், பெயர் வெளியே வருமா, தகவல் எப்போது அழிக்கப்படும், உங்கள் அமைப்பு விண்ணப்பிக்கலாமா, எப்போது பதில் வரும். இவற்றை எழுதிவிட்டு நிறுத்துங்கள். உங்கள் அமைப்பின் பெருமை இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

பட்டம், ஆங்கிலப் புலமை, தன்விவரக் குறிப்பு ஆகியவற்றைக் கேட்காதீர்கள். பதினைந்து ஆண்டு களத்தில் நின்றவர்களில் பலர் பள்ளியிலேயே துன்புறுத்தப்பட்டுப் படிப்பை விட்டவர்கள். மூன்று கேள்விகள் போதும்: சமூகத்தில் என்ன வேலை செய்கிறீர்கள்? பணம் எங்கே போக வேண்டும் என்று நினைக்கிறீர்கள், ஏன்? உங்களுக்குப் பிடித்த ஒரு அமைப்புக்கு “இல்லை” என்று சொல்ல வேண்டி வந்தால் எப்படி முடிவெடுப்பீர்கள்? எழுதியும் அனுப்பலாம், ஐந்து நிமிடக் குரல் பதிவாகவும் அனுப்பலாம். குரல் பதிவு அனுப்பியவரைக் குறைத்து மதிப்பிட மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

சொற்களில் கவனம் தேவை. அழைப்பில் “திருநங்கைகள்” என்று மட்டும் எழுதினால் திருநம்பி ஒருவர் இது தனக்கில்லை என்று நினைத்துக் கடந்துவிடுவார். “பால்புதுமையினர்” என்ற சொல்லை விரும்பி ஏற்றவர்களும் இருக்கிறார்கள், அதைக் கேள்விப்படாதவர்களும் இருக்கிறார்கள். ஒரு குடைச்சொல்லைப் போட்டு, அதன் கீழே யார் யாரெல்லாம் என்று பட்டியலும் போடுங்கள். வேறு மொழிகளுக்கு மாற்றும்போது, அந்த மொழி பேசும் சமூகத்தவர் இருவராவது படித்துப் பார்க்கட்டும். ஓர் ஊரில் பெருமையாகச் சொல்லும் சொல் அடுத்த ஊரில் வசையாக இருக்கும்.

6. அழைப்பைக் கொண்டு சேருங்கள்

நான்கு முதல் ஆறு வாரம் திறந்து வையுங்கள். உங்கள் மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்பினால் ஏற்கனவே உங்களைத் தெரிந்தவர்கள் வருவார்கள். அது தொடக்கம் மட்டும்தான்.

நான்காவது படியில் எழுதிய “இல்லாதவர்கள்” பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் அவர்கள் நம்பும் ஒருவரைக் கண்டுபிடித்து நேரடியாகப் பேசுங்கள். சுகாதார மையத்தில் வேலை செய்யும் சக ஆலோசகர், தங்குமிடம் நடத்துபவர், ஒரு மூடிய வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி. நீங்களே அந்தக் குழுக்களுக்குள் நுழைந்து அறிவிப்பு போடாதீர்கள். அது அவர்களின் பாதுகாப்பான இடம்.

அமைப்புத் தலைவர்களிடம் “உங்கள் ஆளை அனுப்புங்கள்” என்று கேட்பது எளிது, ஆனால் தவிருங்கள். தலைவருக்குப் பிடித்தவர் வருவார், தலைவரைக் கேள்வி கேட்டவர் வர மாட்டார். அப்புறம் அவர் தன் மனசாட்சிப்படி மதிப்பெண் போடுவதும் கடினம். எல்லோரும் தாங்களே விண்ணப்பிக்கட்டும்.

வாரம் ஒருமுறை வந்த விண்ணப்பங்களைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மூன்றாம் வாரத்திலும் ஒரு பிரிவிலிருந்து யாரும் வரவில்லையென்றால் அங்கே மட்டும் கூடுதல் முயற்சி எடுங்கள். பொதுவாகக் கடைசித் தேதியைத் தள்ளிப்போட்டால் ஏற்கனவே வந்த வகையினரே இன்னும் வருவார்கள். இரண்டு கேள்விநேரக் கூட்டங்களும் வையுங்கள், முகம் காட்டாமலும் பெயரை மாற்றிக்கொண்டும் வரலாம் என்று சொல்லி.

7. தேர்ந்தெடுங்கள்

எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பீர்கள் என்பதை முதல் விண்ணப்பத்தைத் திறக்கும் முன் எழுதிவிடுங்கள். திறந்த பிறகு எழுதினால், பிடித்த ஒருவருக்கு ஏற்றபடி அளவுகோல் வளையும். தேர்வு செய்பவர்களில் பெரும்பான்மை சமூகத்தவராக இருக்கட்டும். பதவிக் காலம் முடிந்து போகும் பழைய உறுப்பினர்கள் இதற்கு மிகப் பொருத்தமானவர்கள். அந்த வேலை என்ன கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இருவர் தனித்தனியாகப் படிக்கட்டும். பிறகு காலி இடங்களைப் போல இரண்டு மடங்கு பேருடன் அரை மணி நேரம் பேசுங்கள், எல்லோரிடமும் ஒரே கேள்விகள். ஒரு கற்பனை விண்ணப்பத்தைக் கொடுத்து, சத்தமாக யோசிக்கச் சொல்வது என் அனுபவத்தில் நல்ல பலன் தருகிறது. மேடையில் நன்றாகப் பேசுபவர் இதில் தடுமாறலாம். கூச்சத்தோடு வந்தவர் “இந்த வரவுசெலவில் தங்குமிடத்துக்கு வாடகையே இல்லையே, ஆறு மாதம் எங்கே நடத்துவார்கள்?” என்று கேட்டு அசத்தலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாரா, தன் இயக்கத்துக்கு வெளியே இருப்பவர்களின் தேவையையும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

ஒருவரைப் பற்றி வெளியே விசாரிக்கும் முன் அவரிடமே கேளுங்கள்: “யாரிடம் கேட்கலாம், அவரிடம் உங்களை எந்தப் பெயரில் சொல்லலாம்?” நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தொலைபேசி அழைப்பே ஒருவரின் அடையாளத்தை அவருடைய அலுவலகத்தில் போட்டு உடைத்துவிடும்.

கடைசியில் தனித்தனி மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டுக் குழுவை மொத்தமாகப் பாருங்கள். எல்லோரும் ஒரே நகரமா? எல்லோரும் ஒரே அமைப்பில் வளர்ந்தவர்களா? எல்லோரும் சட்டப் போராட்டக்காரர்களா, நெருக்கடி நேரத்தில் சோறும் இடமும் கொடுப்பவர்கள் யாரும் இல்லையா? இதற்காக ஒன்றிரண்டு இடங்களை மாற்றுவது தவறில்லை, அதற்கான காரணத்தைப் பதிவு செய்தால் போதும். இரண்டு மூன்று பேரைக் காத்திருப்பில் வையுங்கள்.

தேர்வாகாத ஒவ்வொருவருக்கும் பதில் அனுப்புங்கள். அச்சடித்த மாதிரி இரண்டு வரி வேண்டாம். ஒரு காரணமாவது இருக்கட்டும். தங்கள் வாழ்க்கையை எழுதி அனுப்பியவர்கள் அவர்கள்.

8. உறவுகளையும் நலமுரணையும் கையாளுங்கள்

முடிவெடுப்பவரின் சொந்த உறவோ லாபமோ அவருடைய முடிவைச் சாய்ப்பதுதான் நலமுரண். இந்த வேலையில் மிகக் கடினமான படி இதுதான். சிறிய சமூகத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். முன்னாள் இணை, ஒரே வீட்டில் தங்கியவர், வீட்டை விட்டு வந்தபோது அடைக்கலம் கொடுத்தவர், பண விஷயத்தில் சண்டை போட்டுப் பிரிந்த அமைப்பு. சாதாரண நிதி நிறுவனங்களின் படிவம் குடும்ப உறவையும் சம்பளத்தையும் மட்டும் கேட்கும். இங்கே அது போதாது. பிறந்த குடும்பம் கைவிட்டவர்களுக்குத் தோழமைதான் குடும்பம். அதனால் படிவத்தில் நட்பு, காதல், கடன்பட்ட நன்றி, பகை நான்கையும் கேளுங்கள். பகையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மூன்று நிலை வைத்துக்கொள்ளுங்கள். லேசான அறிமுகம் என்றால் சொல்லிவிட்டால் போதும். கூட வேலை செய்த அனுபவமோ நட்போ இருந்தால் அந்த விண்ணப்பத்துக்கு மதிப்பெண் போடக் கூடாது. இணை, குடும்பம், தன் அமைப்பு, கடும் பகை என்றால் பேச்சு நடக்கும்போது அறையிலேயே இருக்கக் கூடாது.

“அறையில் இருக்கட்டும், பேசாமல் இருந்தால் போதும்” என்று ஒரு சுற்றில் நாங்கள் விட்டோம். அந்த உறுப்பினர் நேர்மையானவர், ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவருடைய பழைய அமைப்பைப் பற்றி மற்றவர்கள் வாய் திறக்கவே தயங்கினார்கள். அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே வார்த்தைகளை மென்று விழுங்கினார்கள். அந்த விண்ணப்பம் தேவையான விவாதம் இல்லாமலே தேறிவிட்டது. அதிலிருந்து, வெளியே போவது என்றால் உண்மையில் கதவுக்கு வெளியே, இணையத்தில் என்றால் காத்திருப்பு அறைக்கு.

உறுப்பினரின் சொந்த அமைப்பு விண்ணப்பிக்கலாமா? தடை செய்தால் களத்தில் தீவிரமாக இருப்பவர்களில் பெரும்பகுதியை இழப்பீர்கள், ஏனென்றால் அவர்களின் அமைப்புக்குத்தான் பணமும் தேவை. அனுமதித்தால் வெளியே சந்தேகம் எழும். சமூகம் சிறியதாக இருக்கும் இடங்களில் அனுமதித்துவிட்டு, அந்த விண்ணப்பங்களை மட்டும் வேறொரு பகுதியிலிருந்து வரும் மூவர் படிக்கும்படி வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் விதியை வெளியே அறிவித்துவிடுங்கள்.

9. படிக்கக் கொடுக்கும் முன் பயிற்சி கொடுங்கள்

பழைய விண்ணப்பங்கள் இரண்டை, சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடு, பெயர் நீக்கி எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் தனியாக மதிப்பெண் போட்டுவிட்டு ஒன்றாக உட்கார்ந்து பேசட்டும். ஐந்துக்கு மூன்றைத் தாண்டாதவர் ஒருவர் இருப்பார், நான்குக்குக் கீழே இறங்காதவர் ஒருவர் இருப்பார். இந்த வித்தியாசம் பயிற்சியிலேயே தெரிந்தால் சிரித்துக்கொண்டு சரிசெய்யலாம். முடிவுக் கூட்டத்தில் தெரிந்தால் சண்டையாகும்.

வரவுசெலவைப் படிப்பது எப்படி என்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுப் பலர் அந்தப் பக்கத்தையே தாண்டிவிடுகிறார்கள். அழகாக எழுதப்பட்ட விண்ணப்பமும் நல்ல வேலையும் ஒன்றல்ல என்பதையும் எடுத்துக்காட்டோடு பேசுங்கள். எழுத ஆள் வைத்திருக்கும் அமைப்பே எப்போதும் வென்றால் இந்தக் குழுவை அமைத்ததில் பயனில்லை.

10. முடிவுக் கூட்டம்

இங்கே பணியாளர்களுக்கு ஒரே விதி: கேட்டால் மட்டும் பேசுங்கள், தகவலை மட்டும் சொல்லுங்கள். சம்பளம் தரும் அமைப்பின் ஆள் ஒரு விண்ணப்பத்தைப் பார்த்து முகம் சுளித்தாலே அது வாக்காகிவிடும். முதலில் யார் பேசுவது என்பதைச் சுழற்சியில் வைத்தால் அதே இரண்டு குரல்கள் எப்போதும் தொடங்குவதைத் தவிர்க்கலாம். ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை அங்கேயே எழுதுங்கள், மறுநாள் நினைவிலிருந்து எழுதினால் வேறு காரணமாக மாறியிருக்கும்.

விண்ணப்பங்களில் அடி, கொலை, தற்கொலை பற்றியெல்லாம் வரும். படிப்பவர்கள் அதை வாழ்ந்தவர்கள். இடைவேளைகள் தாராளமாக இருக்கட்டும். பேசுவதற்கு ஓர் ஆலோசகர் கூட்டம் முடிந்த வாரத்திலும் கிடைக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

11. முடிவு வெளிவந்த பிறகு

குழு உறுப்பினர்கள் அதே தெருவுக்கு, அதே அலுவலகத்துக்குத் திரும்பிப் போகிறார்கள். “ஏன் எங்களுக்குத் தரவில்லை?” என்ற கேள்வி அவர்களைத்தான் துரத்தும். ஆகவே மறுப்புக் கடிதம் அமைப்பின் பெயரில், குழுவின் கூட்டு முடிவு என்று போகட்டும். யார் என்ன சொன்னார்கள் என்பது எக்காலத்திலும் வெளியே போகக் கூடாது. கேள்விகளுக்கு ஒரு பணியாளரின் எண்ணைக் கொடுத்து, உறுப்பினர்களும் “அவரிடம் பேசுங்கள்” என்று சொல்லிக்கொள்ள வழி செய்யுங்கள். மிரட்டல் வந்தால் யாரை அழைப்பது, இடம் மாறச் செலவு யார் தருவது என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மீதி மதிப்பூதியத்தைக் கூட்டம் முடிந்த ஏழு நாளுக்குள் அனுப்புங்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். எங்கே சங்கடமாக இருந்தது, எப்போது பேச நினைத்துப் பேசாமல் விட்டார்கள் என்று கேளுங்கள். பாதியில் விலகியவர்களிடம் கட்டாயம் கேளுங்கள், அவர்கள் பதில் சொன்ன நேரத்துக்கும் மதிப்பூதியம் உண்டு. அந்தக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு முதல் படியில் எழுதிய ஒரு பக்கத்துக்குத் திரும்பிப் போய், அடுத்த அழைப்புக்கு முன் அதைத் திருத்துங்கள்.